பழைய கூரைப் பாலத்துக்கு எந்த வழி நல்லது? ஊர்க்கூட்டத்துக்கு முன் ஓர் ஒப்பீடு

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் குடியேறிய தமிழர்கள் சிலரிடமிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வி வந்திருக்கிறது. "எங்கள் ஊரில் நூற்றைம்பது வருஷத்து மரப்பாலம் ஒன்று இருக்கிறது, மேலே வீடு மாதிரி கூரை போட்டது. ஆய்வுக்கு வந்தவர்கள் எடை வரம்பைக் குறைத்துவிட்டார்கள். மார்ச்சில் ஊர்க்கூட்டம். எதற்குக் கை தூக்குவது?"

அங்கே ஊர்க்கூட்டம் பேருக்கு நடப்பதில்லை. வெர்மான்டில் மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்ட நாள். ஊர்ப் பணத்தை எதில் போடுவது என்று வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். பாலத்துக்காக ஊர் கடன் வாங்கினால் அது சொத்து வரியில் வந்து விழும். அதனால் "பாரம்பரியம், காப்பாற்றுங்கள்" என்று ஒரு பக்கமும், "பத்து கார் போகிற பாலத்துக்கு இத்தனை லட்சமா" என்று மறுபக்கமும் வாதம் சூடாகிவிடும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவையான விவரம் கிடைக்காது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரமா இரும்பா என்பது இரண்டாவது கேள்வி. கனரக வண்டி போவதற்குப் பக்கத்தில் வேறு பாதை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## கூரை யாருக்காக?

பாலத்துக்குக் கூரை போட்டது போகிறவர்கள் நனையாமல் இருக்க என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அது பாலத்தைத் தாங்கும் மரச்சட்டத்துக்காகப் போட்டது. மழையிலும் பனியிலும் நிற்கும் திறந்த மரப்பாலம் பத்துப் பதினைந்து வருஷத்தில் இற்றுப்போகும். அதே சட்டம் உலர்ந்தே இருந்தால் நூறு வருஷத்தைத் தாண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. கூரையும் பக்கப் பலகைகளும் செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

அமெரிக்காவில் அறியப்பட்ட முதல் கூரைப் பாலம் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மீது 1805-இல் வந்தது. கட்டியவர் டிமதி பால்மர். கூரை போடச் சொல்லி வற்புறுத்தியவர் அந்தப் பாலக் கம்பெனியின் தலைவராக இருந்த நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். 1817-இல் தியோடர் பர் வளைவோடு சேர்ந்த ட்ரஸ் (உறுப்புகளைச் சாய்த்து இணைத்த, பாலத்தின் பாரத்தைச் சுமக்கும் பக்கச் சட்டகம்) ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1820-இல் இதியல் டவுன் கொண்டுவந்த பின்னல் ட்ரஸ்தான் நியூ இங்கிலாந்து முழுக்கப் பரவியது. காரணம் எளிது. மர அறுவை ஆலையில் கிடைக்கும் சாதாரணப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் சாய்த்து, சந்திக்கும் இடங்களில் ஓக் மர முளைகளை அடித்து இறுக்கினால் போதும். ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம். டவுன் தன் முறையைப் பயன்படுத்த அடிக்கு ஒரு டாலர் வாங்கினார். கேட்காமல் கட்டினவர்களிடம் இரண்டு டாலர். 1840-இல் வில்லியம் ஹோ நிமிர்ந்த உறுப்புகளுக்கு இரும்புக் கம்பி வைத்தார். அங்கிருந்து முழு இரும்புப் பாலத்துக்கு அதிக தூரம் இல்லை.

இந்தப் பாலங்கள் சுமந்தது குதிரை வண்டியை, வைக்கோல் பாரத்தை, மாட்டு மந்தையை. குளிர்காலத்தில் சறுக்கு வண்டி போகவேண்டும் என்பதற்காகத் தளத்தில் பனியை அள்ளிக்கொண்டு வந்து பரப்புவார்களாம். மழையும் பனியும் படாமல் காப்பாற்றிய பாலத்துக்குள் ஆள் வைத்துப் பனி கொட்டியிருக்கிறார்கள்!

## எதை வைத்து எடைபோடுவது?

வண்டியின் எடை. பழைய மரப்பாலங்கள் பலவற்றில் மூன்று டன் முதல் பத்து டன் வரை வரம்பு இருக்கும். தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டி 15 டன்னுக்குக் குறையாது. பள்ளிப் பேருந்து, பனி தள்ளும் லாரி, வீட்டுக்கு எரிபொருள் கொண்டுவரும் லாரி எதுவுமே இந்த வரம்புக்குள் வராது. பாலத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை வீடுகள், அவற்றுக்குச் சுற்றுவழி எத்தனை நிமிஷம் என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுமப்பது எது? பழைய ட்ரஸ் இன்னும் பாரத்தைச் சுமக்கிறதா, அல்லது அலங்காரமாக நிற்கிறதா? வேலை செய்யும் உறுப்பை ஆய்வாளர் தட்டிப் பார்ப்பார், ஊரும் செலவழிக்கும். வேலையற்ற உறுப்பைப் பத்து வருஷத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஆற்றின் போக்கு. 1927 நவம்பர் வெள்ளம் வெர்மான்டில் 1,285 பாலங்களைக் கொண்டுபோனது. 2011 ஆகஸ்ட் 28-இல் ஐரீன் புயல் அதை நினைவுபடுத்தியது. பாலத்தின் அடிப்பகுதிக்கும் வெள்ளக் கோட்டுக்கும் இடைவெளி எவ்வளவு, இரு கரையிலும் உள்ள முட்டுச்சுவர்களின் அடியை ஆறு அரிக்கிறதா என்பவை எந்த வழிக்கும் பொதுவான கேள்விகள்.

பணம், அதுவும் இரண்டு வகை. கட்டும்போது ஆகும் செலவில் பெரும் பகுதியை மத்திய அரசு தரலாம், சாதாரணமாக 80 சதவீதம் வரை. அப்புறம் வருஷா வருஷம் ஆகும் செலவு ஊரின் தலையில். முதல் தொகையைப் பற்றி மட்டுமே பேசுகிற கூட்டங்கள் அதிகம்.

நெருப்பும் லாரியும். பழைய பாலங்களைக் கொன்றவை ஆறு மட்டுமல்ல. தீவைப்பும், உயர வரம்பைப் பார்க்காமல் நுழையும் வாடகை லாரிகளும் அதே பட்டியலில் உண்டு.

## வழி 1: மரத்துக்கு மரம் மாற்றிப் பழுது பார்ப்பது

கெட்ட உறுப்பை மட்டும் எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் அதே அளவில் புதிது செய்து, அதே இணைப்பு முறையில் பொருத்துவது. பாதுகாப்பு ஆர்வலர்கள் இதைத்தான் விரும்புவார்கள். நானும் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான். ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு விரும்ப வேண்டும்.

பழுது எங்கே இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பாலத்தின் நடுவில் இருக்கும் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முட்டுச்சுவர்மேல் உட்காரும் இரண்டு முனைகளில்தான் வினை. சாலை மண்ணும் சரளையும் டயரோடு உள்ளே வந்து அங்கே சேரும், அந்த மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதன் அடியில் இருக்கும் தாங்குகட்டை சத்தமில்லாமல் மக்கும். பக்கப் பலகை ஒன்று கழன்று விழுந்த இடத்துக்கு நேர் உள்ளே இருக்கும் கீழ்ச்சட்டமும் அப்படித்தான்.

இங்கே மறைந்திருக்கும் செலவு பலகையைக் கழற்றிய பிறகுதான் தெரியும். வெளியிலிருந்து பார்த்து நாலு உறுப்பு என்று போட்ட மதிப்பீடு, திறந்து பார்த்ததும் ஒன்பதாகும். ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது செலவு தாங்குசாரம். வேலை நடக்கும்போது பாலத்தின் சொந்த எடையை ஏந்த ஆற்றுக்குள் தற்காலிகத் தூண்கள் வேண்டும். அவற்றுக்கு அனுமதி வேண்டும். வெள்ளக் காலத்துக்கு முன் எடுத்தாக வேண்டும். மூன்றாவது, மரம். நீளமான, நேரான, கணு குறைந்த உத்தரங்கள் இன்று கடையில் போய் எடுத்துவருகிற சரக்கு அல்ல. தச்சர்களும் அப்படித்தான். நியூ ஹாம்ப்ஷயரில் மில்டன் கிராட்டன் என்பவர் இந்தக் கைவேலையைக் காப்பாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட குழுக்கள் குறைவு என்பதால் காத்திருக்க வேண்டி வரும்.

கலிஃபோர்னியாவில் தெற்கு யூபா ஆற்றின் மீது 1862-இல் கட்டிய பிரிட்ஜ்போர்ட் பாலம் காத்திருப்புக்கு நல்ல உதாரணம். நடுவில் தூண் இல்லாமல் இருநூறு அடிக்கு மேல் ஒரே தாவலாகப் போகிற பாலம். 1972-இல் வண்டிகளை நிறுத்தினார்கள், 2011-இல் நடப்பவர்களையும் நிறுத்தினார்கள், பழுது பார்த்துத் திரும்பத் திறந்தது 2021-இல். பத்து வருஷம்! பணம், வடிவமைப்பு, அனுமதி எல்லாம் கூடிவர அவ்வளவு ஆனது. மறுபக்கம், வெர்மான்டின் டாஃப்ட்ஸ்வில் பாலம் 1836-ஐச் சேர்ந்தது. ஐரீன் புயலில் பலமாக அடிபட்டும் 2013-இல் வண்டிகளுக்கே திரும்பத் திறந்துவிட்டது.

எப்போது இது சரி? ட்ரஸ்ஸின் பெரும்பகுதி நல்ல மரமாக இருந்து, கனரக வண்டிகளுக்கு ஓரளவு பக்கத்தில் மாற்றுப்பாதை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மாற்றுப்பாதை இல்லையென்றால், எவ்வளவு அழகாகப் பழுது பார்த்தாலும் தீயணைப்பு வண்டி அந்தப் பக்கம் போகமுடியாது.

## வழி 2: உள்ளே புது எலும்பு

இதில் இரண்டு வேறு வேறு வேலைகளை ஒரே பெயரில் பேசுகிறார்கள். பிரித்துப் பார்க்காவிட்டால் கூட்டத்தில் ஏமாந்துபோவோம்.

ஒன்று, மரத்தின் இடத்தில் பலமான மரம். மெல்லிய பலகைகளைப் பசை வைத்து அழுத்தி ஒட்டிய அடுக்குமரத்தால் வலுவிழந்த சட்டங்களை மாற்றுவது. கனெக்டிகட் ஆற்றின் மீதுள்ள கார்னிஷ்–வின்சர் பாலம் இதற்குப் பெயர்பெற்ற கதை. அந்த இடத்தில் 1796, 1824, 1849 ஆண்டுகளில் கட்டிய மூன்று பாலங்களையும் வெள்ளம் கொண்டுபோனது. நான்காவதை 1866-இல் ஜேம்ஸ் டாஸ்கர், பேலா ஃபிளெச்சர் இருவரும் 9,000 டாலருக்குக் கட்டினார்கள். சுமார் 450 அடி நீளம், இரண்டே தாவல். நுழைவாயிலில் "குதிரைகளை நடத்திச் செல்லுங்கள், இல்லையேல் இரண்டு டாலர் அபராதம்" என்ற பலகை இன்னும் இருக்கிறது. 1943 வரை சுங்கம் வாங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துபோன அந்தப் பாலத்தை 1980-களின் கடைசியில் அடுக்குமரம் வைத்து நிமிர்த்தினார்கள், 1989-இல் முடிந்தது. செலவு 44.5 லட்சம் டாலர். 'பசை மரம் பழைய மரமாகாது' என்று அப்போது வாதிட்டவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் ட்ரஸ் இன்றும் தானே பாரம் சுமக்கிறது, கார்கள் இன்றும் போகின்றன. எனக்கு இது ஏற்கத்தக்க சமரசம்.

இரண்டாவது வேலை வேறு. தளத்துக்கு அடியில் எஃகு கர்டர்களை, அதாவது நீளமான எஃகு உத்தரங்களை, நீட்டி, வண்டியின் எடை முழுவதையும் அவற்றின் மேல் போட்டுவிடுவது. மரச்சட்டமும் கூரையும் மேலே சும்மா நிற்கும். ஒப்பந்தக்காரர் நீட்டும் காகிதங்களில் இதுதான் பெரும்பாலும் மலிவாகத் தெரியும், வேகமாகவும் முடியும். எனக்கு இதன்மேல் சந்தேகம் அதிகம்.

ஏன் என்று சொல்கிறேன். கர்டர் ஆற்றுப் பக்கம் தொங்குவதால் வெள்ளத்துக்கு இருந்த இடைவெளி குறைகிறது. மிதந்துவரும் மரங்கள் மோத ஓர் இரும்புச் சுவர் கிடைக்கிறது. மேலே இருக்கும் ட்ரஸ்ஸுக்குத் தன் எடையைத் தவிர வேலை இல்லை, அதனால் அதன் கீழ்முனை மக்கினாலும் பாலத்துக்கு ஆபத்து இல்லை, அதனால் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் எடை வரம்பு போய்விட்டதால் பெரிய லாரிகள் துணிந்து வரும். எடை வரம்பு போனாலும் உயர வரம்பு போகாது அல்லவா? இல்லினாய் மாநிலத்து லாங் குரோவ் பாலம் 1906-இல் கட்டிய இரும்புப் பாலம், 1972-இல் மேலே மரக்கூரை போட்டார்கள். 2018-இல் ஒரு லாரி கூரையைப் பெயர்த்தது. இரண்டு வருஷம் வேலை செய்து 2020 ஆகஸ்டில் திறந்த சில நாட்களுக்குள்ளேயே ஒரு பேருந்து மோதியது. அதன்பின்னும் வரிசையாக மோதல்கள்.

எஃகும் கான்கிரீட்டும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் என்று சொன்னால் வெர்மான்டின் க்வீச்சி பாலத்தைக் காட்டுங்கள். 1970-இல் எஃகு, கான்கிரீட் உடம்போடு கட்டி மரப்போர்வை போர்த்தியது. ஐரீன் வெள்ளம் பாலத்தின் உடம்பை விட்டுவிட்டுக் கரையைத் தின்றது. பாலம் நின்றது, பாலத்துக்குப் போகிற சாலை இல்லை.

ஆனால் இந்த வழியால் பிழைத்த ஒரு பெரிய பாலமும் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஃபிலிப்பி பாலத்தை லெமுவல் செனோவெத் 1852-இல் கட்டினார். உள்நாட்டுப் போரின் தொடக்ககாலச் சண்டை ஒன்று 1861 ஜூனில் அதன் பக்கத்தில்தான் நடந்தது. 1930-களில் நடுவே கூடுதல் தூண்களும் கான்கிரீட் தளமும் வைத்தார்கள். 1989-இல் பெட்ரோல் வழிந்தோடிப் பிடித்த தீயில் கூரையும் பக்கங்களும் எரிந்துபோயின. கருகிய ட்ரஸ்ஸை வைத்துக்கொண்டே 1991-இல் மீட்டார்கள். இன்றும் அது ஒரு தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. அந்தப் போக்குவரத்தை வெறும் பழைய மரத்தால் சுமந்திருக்க முடியாது. ஆக, நெடுஞ்சாலை அந்த ஊருக்குள்தான் போக வேண்டும், பக்கத்தில் இன்னொரு பாலத்துக்கு இடமே இல்லை என்றால் எஃகுக்கு நியாயம் உண்டு. கிராமச் சாலைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

## வழி 3: பக்கத்தில் புதுப் பாலம், பழையதில் நடை மட்டும்

கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போகும் வழி இது. நியூ ஹாம்ப்ஷயரில் 1829-ஐச் சேர்ந்த ஹேவர்ஹில்–பாத் பாலம் 1999 வரை வண்டிகளைச் சுமந்து, அப்புறம் நடப்பவர்களுக்கு ஆனது. வர்ஜீனியாவின் ஹம்ப்பேக் பாலம் 1857-இல் வந்தது, 1929-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் பக்கத்து விவசாயி உள்ளே வைக்கோல் அடுக்கிவைத்திருந்தார். 1950-களில் ஊர் விழித்துக்கொண்டு பழுது பார்த்தது. வைக்கோல்தான் அதைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். உபயோகம் இருந்ததால் யாரும் இடிக்கவில்லை.

இந்த வழியில் நான் பார்க்கும் முதல் பொறி எடைக் கணக்கு. 'நடக்கிறவர்கள் மட்டும்தானே, இனி பாரமே இல்லை' என்று பேசுவார்கள். நடைப்பாலம் வடிவமைக்கும் அமெரிக்க விதி, சதுர அடிக்கு 90 பவுண்டு கூட்டம் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 100 அடி நீளம், 14 அடி அகலம் உள்ள தளத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 1,26,000 பவுண்டு, அதாவது 63 அமெரிக்க டன். எட்டு டன் வரம்போடு ஒவ்வொரு காராகப் போன பாலம் அது! தினமும் நாலு பேர் நாயோடு நடந்தால் ஒன்றும் ஆகாது. ஜூலை 4 வாணவேடிக்கை பார்க்க ஊரே பாலத்தில் ஏறி நின்றால் கதை வேறு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு, கல்யாண வரவேற்புக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது பொறி நிர்வாகம். வண்டி போகாத பாலம் சாலைத் துறையின் வேலைப் பட்டியலிலிருந்து நழுவும். சாலை நிதி கிடைக்காது, ஆய்வு குறையும். ஊருக்கு இப்போது ஒன்றுக்கு இரண்டு பாலங்கள், ஒன்றுக்குத்தான் பணம். கூடவே ஆள் நடமாட்டம் குறைந்த மரக்கட்டடம் தீவைப்பவர்களுக்கு வசதி. 1993-இல் நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் நியூபோர்ட்டின் கார்பின் பாலமும் பிளிமத்தின் ஸ்மித் பாலமும் தீவைப்பில் போயின.

கூரைப் பாலத்தின் மேல் ஊருக்கு உண்மையான பாசம் இருந்து, அதைப் பூங்காவைப் போல நடத்தத் தனி நிதி ஒதுக்கத் தயார் என்றால் இது மிக நல்ல வழி. ட்ரஸ்ஸுக்கு அந்நியப் பொருள் எதுவும் வேண்டாம், லாரி மோதாது.

## வழி 4: எடுத்துவிட்டு அதே மாதிரி புதிது

பாலம் போன பிறகு இது கேள்வியே இல்லை. வெர்மான்டின் பார்டன்ஸ்வில் பாலம் 1870-இல் வந்தது. ஐரீன் வெள்ளத்தில் அது ஆற்றோடு போன காட்சியை உலகமே பார்த்தது. ஊர் அதே பின்னல் ட்ரஸ்ஸில் புதிது கட்டி 2013 ஜனவரியில் திறந்தது. வெள்ளத்துக்கு வழிவிட நீளத்தைக் கூட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தில் அதே நாளில் போன பழைய பிளென்ஹைம் பாலம் இன்னும் பெரிய இழப்பு. நிக்கலஸ் பவர்ஸ் 1855-இல் கட்டியது, 210 அடி ஒரே தாவல். பக்கத்தில் எஃகுப் பாலம் வந்த பிறகு 1930-களிலிருந்து நடைப்பாலமாக ஊர் பாதுகாத்துவந்தது. அதற்குப் பதிலாக உயர்த்திக் கட்டிய நகல் சில வருஷங்களுக்குப் பிறகு எழுந்தது. ஆனால் 'தேசிய வரலாற்றுச் சின்னம்' என்ற தகுதியை 2015-இல் விலக்கிவிட்டார்கள். நகலுக்கு அது மாறி வராது.

அயோவாவின் மேடிசன் கவுண்டியில் சிடார் பாலம் 2002-இல் தீவைப்பில் எரிந்தது. நகல் 2004-இல் வந்தது. 2017-இல் நகலும் தீவைப்பில் எரிந்தது. 2019-இல் திரும்பக் கட்டினார்கள். புதிது கட்டுகிறவர்கள் தீ உணர்விக்கும் கேமராவுக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

1993-இல் எரிந்ததாகச் சொன்ன இரண்டு பாலங்களும் திரும்ப வந்தன, இரு விதமாக. கார்பினைக் கிராட்டன் குடும்பத்தார் பழைய முறையில் கட்டி, எருதுகளைப் பூட்டி ஆற்றுக்கு மேலே இழுத்து 1994-இல் வைத்தார்கள். ஸ்மித் 2001-இல் இன்றைய வண்டி எடைக்கு ஏற்றபடி அகலமாக, கனமாக எழுந்தது. முன்னது கைத்தொழிலைத் தொடர்ந்தது, பின்னது பாதையைத் தொடர்ந்தது. உங்கள் ஊருக்கு எது வேண்டும் என்று கேட்டால் விவாதம் கொஞ்சம் தெளியும்.

'நகல் போலிதானே' என்று ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். இத்தாலியின் பஸானோவில் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1569-இல் வரைந்த பாலம் வெள்ளத்திலும் போரிலும் பலமுறை போய், ஒவ்வொரு முறையும் அவர் வரைந்தபடியே திரும்பக் கட்டப்பட்டது. சீனாவின் தைஷுன் பகுதியில் 2016 செப்டம்பரில் ஒரே நாளில் மூன்று பாலங்கள் வெள்ளத்தில் போயின. ஊர்க்காரர்கள் ஆற்றோரம் தேடி உத்தரங்களைப் பொறுக்கிச் சேர்த்தார்கள், அவற்றை வைத்தே அடுத்த வருஷம் பாலங்கள் எழுந்தன. அங்கே மரவளைவுப் பாலம் கட்டும் கைத்தொழிலையே யுனெஸ்கோ 2009-இல் உடனடியாகக் காக்க வேண்டிய மரபாகப் பட்டியலிட்டது.

ஆனால் நிற்கிற பாலத்தைப் 'புதிதாகக் கட்டினால் லாபம்' என்று சொல்லி எடுப்பதை நான் எதிர்ப்பேன். பழைய மரம் நெருக்கமான வளையங்களோடு மெல்ல வளர்ந்தது, இன்று அந்தத் தரம் கிடைப்பது அரிது. தொழில்நுணுக்கமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான்.

## வழி 5: பெயர்த்து வேறிடத்தில் வைப்பது

வெர்மான்டின் கேம்பிரிட்ஜ் ஊரில் 1845-இல் கட்டிய இருவழிப் பாலம் 1950-ஐ ஒட்டி ஷெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அழிவிலிருந்து தப்பியது. ஆனால் ஆற்றைக் கடந்த ஊர்க்காரர்களுக்கு அது இனி இல்லை. ஆறு தடம் மாறுகிறது, பழைய இடத்தில் எந்த மரப்பாலமும் நிற்காது என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் செலவு | பின்னால் வருவது | கனரக வண்டி | பழைய மரத்தின் நிலை |
|---|---|---|---|---|
| மரத்துக்கு மரம் | அதிகம், மதிப்பீடு தாண்டும் | மிதமானது, தொடர்ந்து | போகாது | இருக்கும், சுமக்கும் |
| அடுக்குமரம் | அதிகம் | மிதமானது | ஓரளவுதான் | பாதி இருக்கும், சுமக்கும் |
| அடியில் எஃகு கர்டர் | குறைவாகத் தெரியும் | கவனிப்பாரின்றி ட்ரஸ் கெடும், லாரி மோதும் | போகும் | இருக்கும், சுமக்காது |
| பக்கத்தில் புதுப் பாலம் | மிக அதிகம் | இரண்டு பாலத்துக்கு | புதியதில் போகும் | முழுதாக இருக்கும் |
| நகல் | மிக அதிகம் | தொடக்கத்தில் குறைவு | வடிவமைப்பைப் பொறுத்து | இல்லை |
| பெயர்ப்பது | அதிகம் | புது உரிமையாளர் பாடு | பொருந்தாது | இருக்கும், ஆறு இல்லை |

## வாக்குச்சீட்டில் இல்லாத வழி

'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.' பெரும்பாலான ஊர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அதில் எப்போதுமே தவறில்லை, ஒரு நிபந்தனை இருந்தால். தள்ளிப்போடும் வருஷங்களில் சின்ன வேலைகள் நிற்கக் கூடாது.

அந்த வேலைகள் கௌரவமானவை அல்ல, யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. வசந்தத்தில் இரு முனைகளிலும் சேர்ந்த மண்ணை அள்ளி, தாங்குகட்டையைச் சுற்றிக் கழுவி உலரவிடுவது. கூரைத் தகடு கிளம்பியிருக்கிறதா என்று புயலுக்குப் பிறகு பார்ப்பது. கழன்ற பக்கப் பலகையை அந்த வாரமே அடிப்பது. சாலையிலிருந்து இறங்கும் மழைநீர் பாலத்துக்குள் வராமல் முன்பே குறுக்கு வடிகால் வெட்டுவது. புறா எச்சத்தை அகற்றுவது. முட்டுச்சுவர் அடியில் ஆறு தோண்டிய இடத்தில் பெருங்கற்களைக் கொட்டுவது. நுழைவாயிலுக்குக் கொஞ்சம் முன்னால், சாலையிலேயே, அதே உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி தொங்கவிடுவது. மோதுகிற லாரி அதில் மோதட்டும்.

கூரையை மாற்றுவது ட்ரஸ்ஸை மாற்றுவதோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு ட்ரஸ் பழுதுக்கு நிதி கேட்டு எழுதும் ஊர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முதலில் தகட்டை அடியுங்கள், அப்புறம் மனு எழுதலாம்.

அழகுக்கும் ஓர் எச்சரிக்கை. வியட்நாமின் ஹோய் ஆனில் இருக்கும் கூரைப் பாலம் அந்த நாட்டின் 20,000 டாங் நோட்டில் அச்சாகியிருப்பது. இங்கிருந்து சுற்றுலா போன பலரும் அதில் நின்று படம் எடுத்திருப்பார்கள். அதை முழுவதுமாகப் பழுது பார்த்து 2024 ஆகஸ்டில் திறந்தபோது 'புத்தம் புதிதாக இருக்கிறது, பழசின் களை போய்விட்டது' என்று சமூக ஊடகத்தில் ஒரே சண்டை. பழைய சாயத்தின் தடயத்தை வைத்துத்தான் நிறம் பூசினோம் என்று பொறுப்பாளர்கள் விளக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஊர்ப் பாலத்தில் புதுப் பலகைகள் முதல் சில வருஷம் மஞ்சளாகக் கண்ணை உறுத்தும். வெயில்பட்டு அவை சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதற்காகச் செயற்கையாகக் கறை பூசச் செலவழிக்க வேண்டாம்.

## எந்த ஊருக்கு எது?

சுற்றுவழி பத்து நிமிஷத்துக்குள், ட்ரஸ் பெரும்பாலும் நலம், ஒரு நாளைக்குச் சில நூறு கார்கள் என்றால் முதல் வழி. கீழ்ச்சட்டங்கள் நீளத்துக்கும் வலுவிழந்து, அந்த அளவு முழுமரம் கிடைக்காவிட்டால் அடுக்குமரம். பாலத்துக்கு அப்பால் நிறைய வீடுகள், வேறு பாதையே இல்லை, ஆற்றோரம் நிலம் இருக்கிறது என்றால் பக்கத்தில் ஒருவழிப் புதுப் பாலம். நிலமும் இல்லை, நெடுஞ்சாலையும் அதுவே என்றால் மட்டும் எஃகு, அதுவும் ஆற்றுப் பொறியாளர் வெள்ளக் கணக்கைக் காட்டிய பிறகு.

கூட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைக் கேட்பேன்: வேலை முடிந்த மறுவருஷம் பாலத்தின் முனைகளைச் சுத்தம் செய்யப்போவது யார், அந்தச் செலவு வரவு செலவுத் திட்டத்தில் எந்த வரியில் இருக்கிறது? 'தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பதில் வந்தால், வாக்கெடுப்புக்கு முன்பே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். ஆதரித்துப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும், விவாதத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.